உங்களுக்குத் தெரியுமா? கோடையில் பெய்யும் கிறிஸ்துமஸ் பனி

அமெரிக்காவின் ஹால்மார்க் தொலைக்காட்சி கிறிஸ்துமஸ் காலத்தில் ஒளிபரப்பும் காதல் திரைப்படங்களில், கதாநாயகியின் தோள்மீது மெல்லென உதிரும் வெண்பனியானது, பல சமயங்களில், கனடாவின் பிரிட்டிஷ் கொலம்பியா மாகாணத்தில், கோடை வெயில் கொளுத்தும் நாட்களில், நுரையையும் பஞ்சையும் நொறுக்கிய பனிக்கட்டியையும் கொண்டு சிருஷ்டிக்கப்பட்ட செயற்கைப் பனியே ஆகும்!

• அந்த வெயிலிலும் கனத்த கம்பளிக் கோட்டணிந்து, குளிரில் நடுங்குவதுபோல் அபிநயிக்கும் நடிகர்கள், ஒரு முழுப் படத்தையும் பெரும்பாலும் ஏறக்குறைய மூன்றே வாரங்களில் நடித்து முடிக்கிறார்கள்.

• பெருநகர உத்தியோகத்தில் மூழ்கிய பெண் சிற்றூருக்கு வருவதும், அங்கே எளிய வாழ்க்கை வாழும் ஒருவனிடம் மனத்தைப் பறிகொடுப்பதும், முதல் முத்தம் இறுதி நிமிஷங்கள்வரை தள்ளிப்போவதும் இக்கதைகளின் சம்பிரதாயம். முடிவு சுபமே என்னும் நிச்சயம்தான் ரசிகர்களை ஆண்டுதோறும் அவற்றின்பால் ஈர்க்கிறது.

• 1910-இல் கான்சாஸ் சிட்டியில் ஜாய்ஸ் ஹால் என்னும் இளைஞர் தொடங்கிய அஞ்சலட்டை வியாபாரமே, வாழ்த்து அட்டைகளுக்குப் பெயர்பெற்ற ஹால்மார்க் ஸ்தாபனமாக வளர்ந்து, 2009 முதல் 'கவுண்ட்டவுன் டு கிறிஸ்துமஸ்' என்ற பெயரில் இப்படங்களை வரிசையாக வழங்கி வருகிறது.