பளபளப்பு வேறு, பாதுகாப்பு வேறு

திருப்பூர் வீரபாண்டிப் பக்கம் நிட்டிங், சாயப்பட்டறை, காம்பாக்டிங், பிரிண்டிங் என்று துணியைச் சுமந்து அலையும் குட்டி யானை வண்டிகள், லோடு ஏறும்வரை பெரும்பாலும் வெயிலில்தான் நிற்கின்றன. நாலைந்து கோடையைக் கண்ட ஒரு வண்டியைச் சுற்றி வந்து பாருங்கள். கறுப்பு பம்பர் வெளிறிச் சாம்பல் பூத்திருக்கும். கதவோர ரப்பர் பீடிங் விறைத்திருக்கும். டேஷ்போர்டு மங்கியிருக்கும். ரெக்சின் சீட் மடிப்போரத்தில் வெடித்திருக்கும். இதற்கெல்லாம் மருந்து என்று ஆட்டோ ஸ்டோர்ஸ் அலமாரியில் டேஷ்போர்டு பாலிஷ், டயர் பாலிஷ், ஆல் இன் ஒன் ஸ்ப்ரே எனப் பாட்டில்கள் வரிசையாக நிற்கின்றன. எல்லாமே பளபளப்பைத்தான் காட்டி விற்கின்றன. ஆனால் பளபளப்பது எல்லாம் பாதுகாப்பது இல்லை. எந்தப் பாட்டில் என்று பார்ப்பதற்கு முன்னால், எந்தப் பொருளின் மேல் பூசப்போகிறோம் என்று பார்க்க வேண்டும்.

முதலில் ரெக்சின். சீட் கவரிலும் சில கார்களின் டேஷ்போர்டு மேல்தோலிலும் இருப்பது பி.வி.சி. தன் இயல்பில் அது குழாய் போல விறைப்பான பொருள். 1926-ல் அமெரிக்காவின் பி.எஃப். குட்ரிச் நிறுவனத்தில் வேலை பார்த்த வேதியியலாளர் வால்டோ செமன், சில திரவங்களோடு சேர்த்துச் சூடாக்கி அதை வளையும் பொருளாக மாற்றினார். அப்படி மென்மை தரும் திரவத்துக்குப் பிளாஸ்டிசைசர் என்று பெயர். திருப்பூருக்கு இது அந்நியப் பொருள் அல்ல. டி-ஷர்ட் மேல் அடிக்கும் பிளாஸ்டிசால் பிரிண்ட்டும் பி.வி.சி. தூளைப் பிளாஸ்டிசைசரில் கலந்து செய்ததுதான். ஐரோப்பிய பையர்கள் 'தாலேட்' ரிப்போர்ட் கேட்டு நிற்பது, பிளாஸ்டிசைசர்களில் சில உடம்புக்குக் கெடுதல் என்பதால்தான்.

பிளாஸ்டிசைசர் பி.வி.சி.யோடு வேதியியல் முறையில் பிணைந்திருப்பதில்லை. இடையில் தங்கியிருக்கிறது, அவ்வளவுதான். சூடு ஏறினால் கொஞ்சம் கொஞ்சமாக வெளியேறும். வெயிலில் நின்ற காரின் முன்கண்ணாடியில் உட்புறம் எண்ணெய்ப் பசையாக ஒரு புகைப்படலம் படிகிறதே, அதில் இதற்கும் பங்கு உண்டு. பிளாஸ்டிசைசர் போகப் போக ரெக்சின் சுருங்கும், விறைக்கும், கடைசியில் வெடிக்கும். போன பிளாஸ்டிசைசரைத் திரும்ப உள்ளே ஏற்றக்கூடிய பாலிஷ் கடையில் கிடையாது. 'ஊட்டம் தரும்', 'புதுப்பிக்கும்' என்று லேபிள் சொன்னால் நம்ப வேண்டாம்.

அடுத்தது பம்பர். பெரும்பாலும் இது பாலிப்ரொப்பிலீனில் ரப்பர் கலந்து வார்த்தது. சிக்கனமான வண்டிகளின் கெட்டியான டேஷ்போர்டும் பாலிப்ரொப்பிலீன்தான். வெளியே நேராக அடிக்கும் புற ஊதாக் கதிரும் காற்றிலுள்ள ஆக்சிஜனும் சேர்ந்து, மேற்பரப்பில் இருக்கும் நீண்ட மூலக்கூறுச் சங்கிலிகளை அறுக்கின்றன. கண்ணுக்குத் தெரியாத நுண்விரிசல்கள் விழுகின்றன. அவற்றில் பட்ட ஒளி நாலாப்பக்கமும் சிதறுவதால் கறுப்பு சாம்பலாகத் தெரிகிறது. எண்ணெய்ப் பசையுள்ள எதைத் தடவினாலும் அந்த விரிசல்கள் நிரம்பி உடனே கறுத்துவிடும். அது கண்ணுக்கு மட்டுமான வித்தை. நாலு மழையில் பழைய சாம்பல் திரும்பிவிடும். காய்ந்து கெட்டியாகிப் பிடித்துக்கொள்ளும் டிரிம் கோட்டிங் வகைகள் விலை கூடுதல், ஆனால் பல மாதம் நிற்கும்.

மூன்றாவது ரப்பர். டயர் ரப்பருக்குள் ஓசோனைத் தடுக்கும் வேதிப்பொருளும் மெழுகும் தயாரிக்கும்போதே சேர்க்கப்படுகின்றன. அவை மெல்ல மேலே கசிந்து வந்து டயருக்குக் காவலாகப் படிகின்றன. டயர் பக்கச்சுவரில் தெரியும் பழுப்பு நிறம் பல நேரம் இதுதான். அழுக்கு என்று நினைத்துக் கரைப்பான் போட்டுத் தேய்த்தால் காவலையே கழற்றுகிறோம். கதவு பீடிங் பெரும்பாலும் ஈ.பி.டி.எம். என்ற ரப்பர். வெயிலையும் ஓசோனையும் நன்றாகத் தாங்கும். பெட்ரோலிய எண்ணெயை மட்டும் தாங்காது. டீசல், மண்ணெண்ணெய், கிரீஸ் பட்டால் ஊறி உப்பித் தளர்ந்துவிடும். கறுப்பு ஏறட்டும் என்று டீசல் துணியால் பீடிங்கைத் துடைப்பது கதவின் வாட்டர் சீலைக் கையாலே கெடுப்பதாகும்.

இனிப் பாட்டிலுக்குள் வருவோம். பெரும்பாலான பாலிஷ்களில் முக்கியச் சரக்கு சிலிக்கான் எண்ணெய். சிலிக்கானும் ஆக்சிஜனும் மாறி மாறிக் கோத்த சங்கிலி அது. சூட்டை நன்றாகத் தாங்கும். மேற்பரப்பில் தானாகவே மெல்லியதாகப் பரவும். பனியன் துணிக்குக் கடைசியில் வழுவழுப்பான ஹேண்ட் ஃபீல் கொடுக்கப் போடும் சிலிக்கான் சாஃப்ட்னரும் இந்தக் குடும்பம்தான். ரெக்சினைக் கெடுப்பது சிலிக்கான் என்று பலர் பயப்படுகிறார்கள். பயப்பட வேண்டியது அதைக் கரைத்து வைத்திருக்கும் திரவத்துக்கு.

இரண்டு வகை உண்டு. நீரில் கலந்த வகை பால் போல வெள்ளையாக இருக்கும், வாடை குறைவு. பெட்ரோலியக் கரைப்பானில் கரைத்த வகை பெரும்பாலும் தெளிந்த எண்ணெயாக இருக்கும், மூடியைத் திறந்ததும் பெட்ரோல் அல்லது தின்னர் வாடை அடிக்கும், லேபிளில் நெருப்புப் படம் இருக்கும். இரண்டாவது வகை டயருக்குக் கண்ணைப் பறிக்கும் மினுக்கைத் தரும். ஆனால் அந்தக் கரைப்பான் ரப்பரையும் ரெக்சினையும் தாக்கும். பால் வகையை எடுங்கள். அதிலும் 'மேட் ஃபினிஷ்' என்று போட்டிருப்பதையே எடுங்கள்.

மேட் ஏன்? மினுங்கும் டேஷ்போர்டு முன்கண்ணாடியில் பிரதிபலித்து ரோட்டை மறைக்கும். பசை மிஞ்சிய டேஷ்போர்டில் நம் ஊரில் பறக்கும் பஞ்சுத் தூசி ஒட்டி, இரண்டே நாளில் மயிர் முளைத்த மாதிரி ஆகிவிடும். தேங்காய் எண்ணெய் தடவினாலும் இதே கதைதான்.

'யூவி பாதுகாப்பு' என்ற வார்த்தைக்கும் ஒரு அளவுகோல் வேண்டும். நம் தொழிலில் சாயம் வெயிலுக்கு நிற்குமா என்று செனான் விளக்கின் கீழ் வைத்து, நீலக் கம்பளித் தரத்தோடு ஒப்பிட்டு லைட் ஃபாஸ்ட்னஸ் எண் கொடுக்கிறார்கள். பாலிஷ் பாட்டிலில் அப்படி ஒரு எண் வழக்கமாக இருப்பதில்லை. கதிரை உறிஞ்சும் சேர்மானம் உண்மையிலேயே இருந்தாலும், படலம் மெல்லியது. வெளிப்பரப்பில் சில வாரங்களுக்கு ஒரு முறை திரும்பப் பூசினால்தான் பயன்.

வண்டிக்குள்ளே நிலைமை வேறு. முன்கண்ணாடியின் இரண்டு அடுக்குக்கு நடுவே உள்ள பிளாஸ்டிக் தாள் புற ஊதாக் கதிரில் பெரும்பகுதியைத் தடுத்துவிடுகிறது. டேஷ்போர்டுக்குப் பெரிய எதிரி சூடு. அமெரிக்காவின் அரிசோனா மாநிலப் பல்கலைக்கழகத்தினர் பங்கேற்று 2018-ல் வெளியான ஆய்வில், கோடை வெயிலில் ஒரு மணி நேரம் நின்ற கார்களின் டேஷ்போர்டு சராசரியாக 69 டிகிரி செல்சியஸைத் தொட்டது. நிழலில் நின்றவற்றில் அது 48 டிகிரி. பத்து டிகிரிக்கு வேதிவினை வேகம் ஏறக்குறைய இரண்டு மடங்காகும் என்ற பொது விதியை வைத்துப் பார்த்தால், இந்த 21 டிகிரி வித்தியாசம் சிதைவை நாலில் ஒரு பங்காகக் குறைக்கக்கூடியது. இதைச் செய்யும் பாட்டில் எதுவும் இல்லை. ஒரு வேப்ப மர நிழலும், முன்கண்ணாடிக்கு ஒரு மடிப்பு அட்டையும் செய்துவிடும்.

பூசும் முறை எளிது. முதலில் சோப்புத் தண்ணீரில் துடைத்து நன்றாகக் காயவிடுங்கள். சுத்தமான பனியன் வேஸ்ட் துணியில், பிரிண்ட்டும் தையலும் இல்லாத வெள்ளைத் துண்டாகப் பார்த்து எடுத்து, அதில் கொஞ்சம் ஊற்றித் தேயுங்கள். நேராக ஸ்ப்ரே அடித்தால் கண்ணாடியிலும் பெயின்ட்டிலும் தெறிக்கும். சிலிக்கான் பட்ட இடத்தில் பின்னால் பெயின்ட் அடித்தால் மீன்கண் போலக் குழி விழும். சிலிக்கான் ஏறிய துணியை மறுசாயம் போடுவது எவ்வளவு கஷ்டம் என்று சாயப்பட்டறைக்காரர்களுக்குத் தெரியும். ஐந்து நிமிடம் கழித்து உலர்ந்த துணியால் மிச்சத்தை எடுத்துவிடுங்கள். விரலால் தொட்டால் வழுக்கவோ ஒட்டவோ கூடாது.

ஸ்டீயரிங், பெடல், தரையைத் தொடும் டயர் பரப்பு, பிரேக் டிஸ்க், வைப்பர் பிளேடு ஆகிய இடங்களில் எந்தப் பாலிஷும் படக்கூடாது. பைக் சீட்டும் பைக் டயரும் இந்தப் பட்டியலில் கட்டாயம் சேரும். வளைவில் பைக் சாயும்போது டயரின் ஓரம்தான் ரோட்டைப் பிடிக்கிறது. பிரேக் அடித்தால், வழுக்கும் சீட்டில் பின்னால் உட்கார்ந்தவர் முன்னே சரிவார். பலர் வேலைக்குப் பைக்கில் போகும் ஊரில், வாட்டர் வாஷ் பையன் ஆசையாகப் பாலிஷ் போட வந்தால், "சீட்டுக்கும் டயருக்கும் வேண்டாம் தம்பி" என்று சொல்லிவிட வேண்டும்.

ஆகவே செலவு செய்யும் வரிசை இது: முதலில் நிழலும் அட்டையும், அடுத்து சோப்புத் தண்ணீர், அதன் பிறகுதான் நீரில் கலந்த, மேட் ஆன ஒரே ஒரு பாட்டில். உள்ளே டேஷ்போர்டுக்கும் வெளியே பம்பருக்கும் கதவு பீடிங்குக்கும் அந்த ஒன்றே போதும்.