அம்மாவிடம் சேர்ப்போம் அணில் குட்டியை!



லீவு நாள் காலை. பால் பாக்கெட் எடுக்க வாசலுக்கு வருகிறீர்கள். தென்னை மரத்தடியில் ஏதோ நெளிகிறது. குனிந்து பார்த்தால்... உங்கள் விரல் நீளம்தான் இருக்கும். உடம்பில் முடி இல்லை, கண்ணும் திறக்கவில்லை. அணில் குட்டி! எதிர் மதில் மேல் ஒரு காகம் தலையைச் சாய்த்துப் பார்க்கிறது. ஸ்கூட்டருக்கு அடியில் பூனை ஒன்று பதுங்கியிருக்கிறது. இப்போது நீங்கள் என்ன செய்வீர்கள்?

"வீட்டுக்குள் தூக்கிட்டுப் போய், இங்க் ஃபில்லரில் பசும்பால் கொடுப்பேன். ஷூ டப்பாவில் வைத்து நானே வளர்ப்பேன்!"

இதுதானே உங்கள் பதில்? உங்களுக்கு இரக்க மனசு. அதில் சந்தேகமே இல்லை. ஆனால், அந்தப் பசும்பால் குட்டியின் உயிருக்கே ஆபத்தாக முடியலாம். பிறகு என்னதான் செய்வது? வாங்க, பார்க்கலாம்.

நம்ம தெரு அணிலார்

தாம்பரத்திலிருந்து ஜி.எஸ்.டி. சாலையில் செங்கல்பட்டு பக்கம் போனால், வண்டலூரைத் தாண்டியதும் வருகிறது ஊரப்பாக்கம். பக்கத்தில் கிளாம்பாக்கம் பஸ் நிலையம் 2023 டிசம்பரில் திறக்கப்பட்ட பிறகு, இந்தப் பகுதி இன்னும் பரபரப்பாகிவிட்டது. ஆனாலும் வீடுகளுக்கு நடுவே தென்னை, மா, கொய்யா, முருங்கை என்று மரங்கள் இருக்கின்றன. மரம் இருந்தால், "கீச்... கீச்..." என்ற குரலும் இருக்கும்!

நம் ஊர் அணிலின் முதுகில் மூன்று வெள்ளைக் கோடுகள் உண்டு. ராமர் தடவிக் கொடுத்ததால் வந்த கோடு என்று பாட்டி கதை சொல்லியிருப்பார். வட இந்தியாவில் அதிகம் இருப்பது ஐந்து கோட்டு அணில். நம் முன்னோர் இதையெல்லாம் உற்றுக் கவனித்திருக்கிறார்கள். எந்த விலங்கின் பிள்ளையை எப்படி அழைக்க வேண்டும் என்று சொல்லும் இடத்தில், தொல்காப்பியம் மூன்று வரி உள்ள அணிலையும் சேர்த்திருக்கிறது. அதன் பிள்ளைக்குக் "குட்டி" என்று பெயராம்!

வளர்ந்த அணிலின் எடை சுமார் 100 கிராம்தான். ஆனால், சர்க்கஸ்காரர்களே தோற்றுப் போவார்கள். பின்னங்கால் பாதத்தைப் பின்பக்கமாகத் திருப்பி, மரப்பட்டையைப் பற்றிக்கொள்ளும். அதனால்தான் தலைகீழாகவே மரத்திலிருந்து இறங்க முடிகிறது. அதன் முன்பற்கள் வாழ்நாள் முழுவதும் வளர்ந்துகொண்டே இருக்கும். எதையாவது கொறித்துத் தேய்த்துக்கொண்டே இருந்தால்தான் நல்லது.

தேங்காய் நார், புல், பஞ்சு, கிழிந்த துணி என்று எது கிடைத்தாலும் அம்மா அணில் கூடு கட்டிவிடும். மரக்கிளை மட்டுமல்ல... ஓட்டு இடுக்கு, ஏ.சி. பெட்டிக்குப் பின்னால் என்று எங்கேயும் கூடு இருக்கும். ஒரு ஈற்றில் பெரும்பாலும் இரண்டு அல்லது மூன்று குட்டிகள். பலத்த காற்று, மரம் வெட்டுவது, வீட்டைச் சுத்தம் செய்வது... இப்படி ஏதாவது ஒரு காரணத்தால் குட்டி கீழே விழுந்துவிடும்.

விழுந்த குட்டிக்கு முதல் உதவி

முதலில் அப்பா, அம்மா அல்லது பெரியவர் ஒருவரைக் கூப்பிடுங்கள். பூனையையும் காகத்தையும் விரட்டுங்கள். பிறகு, மெல்லிய துணியால் குட்டியை மெதுவாக எடுத்துப் பாருங்கள்.

ரத்தம் வருகிறதா? எறும்பு மொய்த்திருக்கிறதா? பூனை வாயில் கவ்வியதா? இதில் ஒன்றுக்கு "ஆமாம்" என்றாலும், உடனே கால்நடை மருத்துவரிடம் காட்ட வேண்டும். பூனையின் பல் பட்ட காயம் ஊசி முனை அளவுதான் தெரியும். ஆனால், அதன் வழியே கிருமி உள்ளே போய்விடும்.

காயம் இல்லை, ஆனால் உடம்பு சில்லென்று இருக்கிறதா? வெதுவெதுப்பான தண்ணீர் நிரப்பிய பாட்டிலைத் துணியில் சுற்றி, குட்டியின் பக்கத்தில் வையுங்கள். குட்டிக்கு அவசரமாகத் தேவைப்படுவது பால் அல்ல, சூடுதான். உடம்பு குளிர்ந்திருக்கும்போது எதைக் கொடுத்தாலும் அதற்குச் ஜீரணம் ஆகாது.

பசும்பால் ஏன் கூடாது? அது கன்றுக்குட்டிக்கான பால். அணில் குட்டியின் வயிறு அதைத் தாங்காது. வயிற்றுப்போக்கு ஏற்பட்டு, உடம்பில் உள்ள நீரெல்லாம் போய்விடும். இன்னொரு ஆபத்தும் உண்டு. ஃபில்லரை அழுத்தினால் பால் மூக்கு வழியாக நுரையீரலுக்குள் போய்விடும். பாசத்தோடு கொடுத்த சொட்டே அதன் மூச்சை அடைத்துவிடலாம்.

குட்டி வெதுவெதுப்பாகிவிட்டதா? ஓரம் தாழ்வான ஒரு சின்னப் பெட்டியில் பருத்தித் துணியை விரித்து, அதில் குட்டியைப் படுக்க வையுங்கள். எந்த மரத்தடியில் கிடைத்ததோ, அதே மரத்தில் பூனைக்கு எட்டாத உயரத்தில் பெட்டியைக் கட்டச் சொல்லுங்கள். மரத்தில் ஏறுவது பெரியவர்கள் வேலை, சரியா? பெட்டியை மூடக் கூடாது. வெயிலும் படக் கூடாது. பிறகு எல்லோரும் வீட்டுக்குள் போய், ஜன்னல் வழியாகக் கவனியுங்கள்.

"மனிதர் கை பட்டால் தாய் சேர்க்காதே?" என்று யாராவது சொல்வார்கள். அதை நம்பாதீர்கள். தாய்க்குக் குட்டியின் குரலும் வாசனையும் நன்றாகத் தெரியும். ஆனால், நீங்கள் பக்கத்திலேயே நின்றால் அது பயந்து கீழே இறங்காது. அதனால் தள்ளி நிற்பதும் ஓர் உதவிதான்!

அணில் பகலில்தான் நடமாடும். சில மணி நேரம் ஆகியும், அல்லது பொழுது சாயும் நேரம் ஆகியும் தாய் வரவில்லையா? இரவு முழுக்கக் குட்டியை வெளியே விட வேண்டாம். கதகதப்பாக வைத்துக்கொண்டு, வனத்துறையையோ கால்நடை மருத்துவரையோ வேளச்சேரியில் இருக்கும் ப்ளூ கிராஸ் போன்ற விலங்கு நல அமைப்பையோ பெரியவர்கள் மூலம் தொடர்புகொள்ளுங்கள். என்ன பால், எவ்வளவு, எத்தனை மணி நேரத்துக்கு ஒரு தரம் என்பதை விவரம் தெரிந்தவர்கள்தான் முடிவு செய்ய வேண்டும்.

குடை பிடிக்கும் அணில்

சரி, விழுந்த குட்டிக்கு உதவியாயிற்று. மதில் மேல் ஓடும் பெரிய அணிலுக்கு என்ன தரலாம்? பதில் சொல்வதற்கு முன், பாலைவனத்துக்கு ஒரு டூர்!

ஆப்பிரிக்காவின் தென்பகுதியில் கலஹாரி என்ற வறண்ட பிரதேசம் இருக்கிறது. அங்கே மண்ணில் வளை தோண்டி வாழும் தரை அணில்கள் உண்டு. நண்பகல் வெயிலில் இரை தேடும்போது, முதுகைச் சூரியனுக்குக் காட்டி, அடர்ந்த வாலைத் தலைக்கு மேல் விரித்துக்கொள்ளும். வால்தான் குடை! சூடு தாங்க முடியாவிட்டால், வளைக்குள் போய் உடம்பைக் குளிர வைத்துக்கொண்டு மீண்டும் வரும். தேவையான தண்ணீரைப் பெரும்பாலும் தின்னும் செடி, கிழங்கிலிருந்தே எடுத்துக்கொள்ளும். பாலைவனத்திலேயே பிழைக்கத் தெரிந்த கெட்டிக்கார இனம் இது.

இன்னொரு வறண்ட நிலத்தில், உணவு கொடுத்தால் என்ன ஆகும் என்பதையும் பாருங்கள். அமெரிக்காவின் கிராண்ட் கேன்யன் தேசியப் பூங்காவில் பாறை அணில்கள் இருக்கின்றன. சுற்றுலா வருபவர்கள் ஆசையாகத் தின்பண்டம் நீட்டினார்கள். அணில்களுக்கு மனிதர் மேல் இருந்த பயம் போய்விட்டது. பை, கை என்று பார்க்காமல் பாய்ந்து கடிக்க ஆரம்பித்தன. இப்போது அங்கே அணிலுக்கு உணவு கொடுத்தால் அபராதம்!

நம் வண்டலூர் அறிஞர் அண்ணா உயிரியல் பூங்காவிலும், விலங்குகளுக்கு உணவு கொடுக்கக் கூடாது என்பதுதானே விதி? 1855-ல் சென்னையில் தொடங்கி, 1985-ல் வண்டலூருக்கு மாறிய பழைய பூங்கா அது. அங்கே புலிக்கும் சிங்கத்துக்கும் அடைப்பு உண்டு. அணிலுக்குக் கிடையாது. இஷ்டம் போல மரத்துக்கு மரம் தாவும். ஆனால், விதி அதற்கும் பொருந்தும்.

தண்ணீர் போதும்!

சிப்ஸ், மிக்ஸர், பிஸ்கெட், முறுக்கு... எதுவும் அணிலுக்கு வேண்டாம். உப்பும் எண்ணெயும் சர்க்கரையும் அதன் உடம்புக்கு ஆகாது. கையில் வைத்து ஊட்டவே கூடாது. மனிதரைக் கண்டு ஓடாத அணில், நாயையும் பூனையையும் பக்கத்தில் வரவிட்டு ஏமாந்துவிடலாம். உங்களை அணில் கடித்துவிட்டால், சோப்புப் போட்டு ஓடும் தண்ணீரில் 15 நிமிடம் கழுவி, டாக்டரிடம் காட்டுங்கள்.

கத்திரி வெயிலில் தண்ணீர் வைக்கலாம். ஆழமில்லாத மண் சட்டி, நடுவே ஒரு கல். தவறி விழுந்தால் அணில் ஏறி வரத்தான் அந்தக் கல்! பூனை பதுங்க இடமில்லாத இடமாகப் பார்த்து வையுங்கள். தினமும் சட்டியைத் தேய்த்துக் கழுவி, புதுத் தண்ணீர் ஊற்றுங்கள். இல்லாவிட்டால் டெங்கு கொசு முட்டையிட்டுவிடும்.

வீட்டில் கொய்யா மரம் இருக்கிறதா? உச்சிக் கிளையில் இருக்கும் பழங்களைப் பறிக்காமல் விட்டுவிடுங்கள். அதுதான் அணிலுக்கு விருந்து. இடம் இருந்தால் ஒரு கன்று நடுங்கள். 2016 டிசம்பர் 12-ல் வீசிய வர்தா புயலில், வண்டலூர் பூங்காவில் மட்டும் ஆயிரக்கணக்கான மரங்கள் சாய்ந்தன. ஒவ்வொரு மரத்திலும் யார் யார் வீடு இருந்திருக்கும், யோசித்துப் பாருங்கள். மரம் வெட்ட ஆள் வந்தால், "கூடு இருக்கா பாருங்க அண்ணா" என்று சொல்ல நீங்கள் மறக்கக் கூடாது.

கீரிப்பிள்ளை, கிளிப்பிள்ளை மாதிரி அணிலையும் "அணிற்பிள்ளை" என்று செல்லமாகச் சொல்வது நம் வழக்கம். பிள்ளை என்றால், தேடுவதற்கு ஓர் அம்மா இருப்பாள் அல்லவா?

அதனால் ஜன்னலோரம் பொறுமையாக இருங்கள். "கீச்... கீச்..." சத்தம் கேட்கும். மரத்தில் தலைகீழாக ஓர் அணில் இறங்கும். இங்கும் அங்கும் பார்க்கும். பெட்டிக்குள் எட்டி, குட்டியை வாயில் கவ்விக்கொண்டு, விறுவிறுவென்று மேலே ஏறிவிடும். உங்களைத் திரும்பிக்கூடப் பார்க்காது.

அப்படி அது போய்விட்டால், நீங்கள் ஜெயித்துவிட்டீர்கள் என்று அர்த்தம், குட்டீஸ்!