விறைத்த கித்தான் மழைக்கோட்டை இளக்குதல்

அடைமழையில் வாய்க்கால் உடைப்பைப் பார்க்கவும் களத்து நெல்லைக் காக்கவும் வெளியே செல்ல நேரும் நிலமுடையோரும் கிராம அதிகாரிகளும் கித்தான் மழைக்கோட்டைக் கைக்கொள்வதுண்டு. பருவம் கழிந்ததும் அதை மடித்துப் பெட்டியில் இட்டுவிடுகின்றனர். அடுத்த ஐப்பசியில் எடுத்துப் பார்க்குங்கால் அது பலகைபோல் விறைத்து, முழங்கையை மடக்கவொட்டாமல் நிற்கிறது. பலாத்காரமாக விரித்தால் மடிப்புக்களில் பூச்சு வெடித்து, அவ்வெடிப்பின் வழியே ஜலம் உள்ளிறங்கும். ஆகவே விறைப்பு அசௌகரியம் மாத்திரமன்று. கோட்டின் ஆயுளையே குறைப்பது.

கோட்டுக்கு எண்ணெய் பூசுமுன் அதன் விறைப்பு எவ்வகையைச் சேர்ந்தது என்று அறிதல் அவசியம். பழைய நாளில் மாலுமிகள் பாய்த்துணிக்கு ஆளிவிதை எண்ணெய் பூசி மழைச்சட்டை செய்துகொண்டனர். 1898-ல் நியூஜீலாந்தில் எட்வர்ட் லி ராய் என்பவர் பழம் பாய்த்துணிக்கு ஆளிவிதை எண்ணெயும் மெழுகும் கலந்து பூசி மழையுடை செய்தார் என்பர். ஆளிவிதை எண்ணெய் காற்றிலுள்ள பிராணவாயுவை ஏற்று இறுகித் தோல்போலாகும் இயல்புடையது. இவ்வாறு இறுகியது மீண்டும் எண்ணெயாவதில்லை. பிற்காலத்துக் கோட்டுக்களிற் பெரும்பாலானவற்றுக்கு மெழுகே ஊட்டப்படுகிறது. மெழுகோ குளிரில் இறுகி வெப்பத்தில் இளகும். உதகமண்டலத்துக் காலைக் குளிரில் விறைத்து நிற்கும் கோட்டு கோயம்புத்தூர் வெயிலில் துவண்டுவிடும்.

இதைச் சோதிப்பது எளிது. கோட்டின் உட்புறத்து ஓரத்தில் நகத்தாற் கீறுக. வெண்கோடு விழுந்து, அவ்விடத்தை உள்ளங்கையால் அழுத்திச் சூடேற்றியதும் அது மறையுமாயின் மெழுகுப் பூச்சு எனக் கொள்ளலாம். மஞ்சள் பாரித்து, மெருகு வெடித்தாற்போல் சிறு பிளவுகள் தோன்றி, சூட்டிற்கும் இளகாதிருப்பின் அது பெரும்பாலும் ஆளிவிதை எண்ணெயே. உட்புறம் ரப்பரோ பிளாஸ்டிக்கோ ஒட்டிய கோட்டுக்களுக்குக் கீழ்க்கண்ட முறைகளில் எதுவும் ஆகாது. எண்ணெய் ரப்பரைக் கெடுக்கும், சூடு பிளாஸ்டிக்கை உருக்கும்.

மெழுகுக் கோட்டை முதலில் குளிர்ந்த ஜலத்தில் நனைத்த துணியாற் சேறு போகத் துடைத்து உலர்த்துக. சவுக்காரம் கூடாது. துணியில் தங்கும் சவுக்காரம் மழைநீரை உள்ளே இழுக்கும். தையலோரங்களில் வெள்ளையாகத் திரண்டிருக்கும் மெழுகைக் கொட்டாங்கச்சி விளிம்பாற் சுரண்டி எடுக்கலாம். கத்தி வேண்டாம். பிறகு நண்பகல் வெயிலில் ஒரு மணி நேரம் விரித்து வைத்து, சூடு ஆறுமுன் முழங்கை, தோள், கழுத்துப்பட்டை ஆகிய இடங்களை மாவு பிசைவதுபோல் இரு கைகளாலும் கசக்கி, சுருட்டி விரிக்க வேண்டும். அவ்விடங்களே மிகுதியாக விறைப்பவை. இவ்வாறு மூன்று நான்கு தினங்கள் செய்து, பின் அணிந்து நடமாடினால் பெரும்பாலான கோட்டுக்கள் வழிக்கு வந்துவிடும். அதற்கும் மசியாதபோது கோட்டின் இருபுறமும் அச்சிடாத காகிதம் வைத்து, மிதமான சூட்டில் இஸ்திரிப் பெட்டியை ஓட்டினால் மிகை மெழுகு காகிதத்தில் ஊறிவிடும்.

மெழுகு தேய்ந்துபோன இடங்களுக்குப் பாரபின் மெழுகு இரண்டு பங்கும் வாஸலின் ஒரு பங்கும் சேர்த்துப் பூசலாம். இக்கலவை தனி மெழுகைப்போல் இறுகாது. எனினும் முதலில் ஓரத்தில் சிறிதளவு பூசிப் பார்த்தல் நலம். பாரபின் மெழுகு ஏறக்குறைய 50 முதல் 65 டிகிரி சென்டிகிரேடுக்குள் உருகுவதால், கொதிநீர்ப் பாத்திரத்தினுள் வைத்து உருக்கினாற் போதும். நேரே அடுப்பில் ஏற்றினால் தீப்பற்றக்கூடும். வீட்டில் எளிதிற் கிடைக்கிறதென்று நல்லெண்ணெயைத் தேய்ப்போர் உண்டு. அது நாளடைவில் சிக்குப்பிடித்து நாறுவதோடு எலியையும் வருவிக்கும். ஆமணக்கெண்ணெயோ பாரபினோடு நன்கு கலப்பதில்லை.

ஆளிவிதை எண்ணெய் இறுகிய கோட்டை இளக்க முயல்வது வீண். மேலும் எண்ணெய் பூசினால் அதுவும் இறுகி விறைப்பைக் கூட்டும். வெடிப்பில்லாத பாகங்களை வெட்டி, விதை மூட்டைகளுக்கு மேல்மூடியாக்கிக்கொள்ளலாம். இவ்விடத்து ஓர் எச்சரிக்கை மிக முக்கியமானது. ஆளிவிதை எண்ணெய் இறுகும்போது உஷ்ணத்தை வெளியிடுகிறது. அவ்வெண்ணெய் தோய்ந்த கந்தலைச் சுருட்டி மூலையில் எறிந்தால், உஷ்ணம் வெளியேற வழியின்றிச் சில மணி நேரத்தில் தானே தீப்பற்றிக்கொள்ளும், நெருப்புக்குச்சி வேண்டியதில்லை. வைக்கோற்போரின் அருகிலோ கூரைப் பரணிலோ அதை வைத்தால் விளையும் நஷ்டத்தைச் சொல்ல வேண்டுவதில்லை. அத்தகைய கந்தல்களை உடனே ஜலத்தில் அமிழ்த்த வேண்டும், அல்லது வெட்டவெளியில் ஒவ்வொன்றாக விரித்து உலரவிட வேண்டும். புதிதாக அவ்வெண்ணெய் பூசிய கோட்டையும் முற்றும் உலருமுன் மடித்து வைத்தலாகாது.

இளக்கிய கோட்டை மடியாமல், இரு கைகளினூடே மூங்கிற்கழி செலுத்திக் காற்றோட்டமான இடத்தில் தொங்கவிடுக. ஆணியில் மாட்டினால் ஒரே இடத்தில் பாரம் தாங்கிக் கித்தான் கிழியும். ஈரத்தோடு மடித்தால் பூஞ்சணம் பற்றி நூல் இற்றுவிடும். மெழுகூட்டிய கித்தான் படுதா வைத்திருப்போர் அதையும் ஆண்டுக்கொரு முறை, கார்த்திகைக்குப் பின் நல்ல வெயில் கண்ட நாளில், களத்தில் விரித்துச் சூடேற்றி, பழைய மடிப்பிலேயே மடிக்காமல் வேறு மடிப்பில் மடித்து வைக்கலாம்.