புரதமும் பொட்டாசியமும்

உடலிலுள்ள பொட்டாசியத்தில் நூற்றுக்கு 98 பங்கு உயிரணுக்களுக்குள்ளேயே அடங்கியுள்ளது. அது குறையுங்கால், அதனைப்போலவே நேர்மின்னேற்றமுடைய லைசின் என்னும் அமினோ அமிலம் தசையில் சேர்ந்து, குறையின் ஒரு பகுதியை ஈடுசெய்கிறது. எலிகளிடம் இது 1950-களிலேயே கண்டறியப்பட்டது.

ஆயினும் இவ்வுறவின் கடுமை குவாஷியார்க்கர் நோயால் கால் வீங்கிய குழந்தையிடமே புலனாகும். வயிற்றுப்போக்கினால் அதன் பொட்டாசியம் முன்னரே வற்றியிருக்கும். உணவூட்டத் தொடங்கியதும் அமினோ அமிலங்கள் புதுத் தசையாக உருவாகின்றன. அத்தசைக்குப் பொட்டாசியம் தேவை. குருதியில் எஞ்சியிருப்பதும் இன்சுலினால் உயிரணுக்களுக்குள் ஈர்க்கப்பட, இதயத் துடிப்பு தடுமாறக்கூடும். பரிவினால் பாலை மிகுதியாகப் புகட்டுவது இத்தருணத்தில் ஆபத்தானது. ஆகவே சிகிச்சையின் முதல் நாட்களில் புரதம் அளவோடு தரப்படுகிறது. பொட்டாசியமோ, உடல் எடையில் கிலோவுக்கு நாள்தோறும் 3 முதல் 4 மில்லிமோல் வரை கூடுதலாக அளிக்கப்படுகிறது. வீக்கத்தைக் கண்டு சிறுநீர் பெருக்கும் மருந்தைத் தருதல் கூடாது. எஞ்சிய பொட்டாசியமும் அதனோடு வெளியேறிவிடும்.