தீவைக் காணோம்!

சென்னை பாரிமுனையில் 'அரண்மனைக்காரன் தெரு' இருக்கிறதே, அங்கே போய் அரண்மனையைத் தேடாதீர்கள். 'ஆர்மேனியன் தெரு'தான் நம்மவர்கள் வாயில் விழுந்து அப்படி ஆகிவிட்டது! வியாபாரத்துக்கு வந்த ஆர்மேனியர்கள் 1772-ல் கட்டிய சர்ச் இன்றும் அங்கே இருக்கிறது.

அவர்களுடைய பூர்வீக நாட்டில் ஒரு சர்ச் இருக்கிறது. அதன் கதை கொஞ்சம் விசித்திரமானது.

ஆர்மேனியாவில் செவான் என்று ஓர் ஏரி. கிட்டத்தட்ட நம்ம குன்னூர் உயரத்தில் இருக்கிறது. அதில் ஒரு தீவு. கி.பி. 874-ல், கணவனை இழந்த இளவரசி மரியம் அந்தத் தீவுக் குன்றின் மேல் கறுப்புக் கல்லில் சர்ச் எழுப்பினார். சின்னச் சின்னதாக இன்றும் இரண்டு நிற்கின்றன. எட்டுப் பட்டைக் கோபுரம், உச்சியில் கூம்பு. அவ்வளவுதான், ஆடம்பரமே கிடையாது.

இங்கே மடமும் இருந்தது. தலைமை மடத்தில் தப்புப் பண்ணுகிற சாமியார்களை இங்கேதான் அனுப்பினார்களாம். நம்ம ஊரில் தண்ணியில்லாக் காட்டுக்கு மாற்றுவார்கள். அங்கே சுற்றிலும் தண்ணி! 1830-ல் வந்து பார்த்த ஒரு பிரெஞ்சுக்காரர், 'மாமிசம் கிடையாது, ஒயின் கிடையாது, பெண்கள் கால் வைக்கவே கூடாது' என்று எழுதி வைத்திருக்கிறார். பாவம் சாமியார்கள், நீச்சல் தெரிந்தாலும் பிரயோஜனமில்லை. ஏரித் தண்ணீர் அப்படி ஒரு ஜில்!

அரபுப் படைகளை எல்லாம் பார்த்த அந்தத் தீவை, கடைசியில் காலி பண்ணியவர்கள் என்ஜினீயர்கள்.

'இவ்வளவு தண்ணீரும் வெயிலில் ஆவியாகி வீணாகிறதே' என்று சோவியத் அரசுக்குக் கவலை. ஐம்பது மீட்டர் இறக்கிவிட்டால் மின்சாரமும் ஆச்சு, பாசனமும் ஆச்சு என்று கணக்குப் போட்டார்கள். 1933-ல் இறங்க ஆரம்பித்த மட்டம், சுமார் இருபது மீட்டர் கீழே போனது. தீவுக்கும் கரைக்கும் நடுவே தரை தலைகாட்டியது. தீவு, தீபகற்பம் ஆனது!

மீனுக்கும் சோதனை. 'இஷ்கான்' என்று ஒரு மீன். 'இளவரசன்' என்று அர்த்தம். அதில் சில ரகங்கள் கரையோரம் முட்டையிடுபவை. கரையே காய்ந்துபோனால் எங்கே இடும்? அதில் நாலு ரகம் இருந்தன. இரண்டு அடியோடு அழிந்துவிட்டன.

ஸ்டாலின் இறந்த பிறகுதான் விழித்துக்கொண்டார்கள். மலையைக் குடைந்து 48 கிலோமீட்டர் சுரங்கம் வெட்டி, 1981-ல் அர்ப்பா ஆற்றைத் திருப்பி ஏரிக்குள் விட்டார்கள். 2004-ல் இன்னொரு ஆற்றின் தண்ணீரும் வந்தது. எடுத்தது இருபது மீட்டர். திரும்பி ஏறியது சில மீட்டர்தான்.

இப்போது குன்றடி வரை காரிலேயே போய் இறங்கலாம். இருநூறு படிக்கு மேல் ஏறினால் மரியம் கட்டிய சர்ச். மூன்று பக்கம் ஏரி. நாலாவது பக்கம், ஒரு காலத்தில் படகு போன இடத்தில், ரோடு.