சரக்கு வண்டியில் ஆயில் விளக்கு எரிந்தால்

மூட்டை ஏற்றிவரும் டீசல் பிக்கப் வண்டியில் சிவப்பு ஆயில் விளக்கு எரிந்தால், கடை வரை ஓட்டிவிடலாம் என்று நாம் எண்ணக் கூடாது. உடனே ஓரங்கட்டி என்ஜினை நிறுத்தி, சற்றுப் பொறுத்து டிப்ஸ்டிக்கில் ஆயில் அளவைப் பார்க்க வேண்டும்.

அளவு சரியாக இருந்தால், "சுவிட்சுதான் போயிருக்கும்" என்பார் டிரைவர். பல நேரம் உண்மைதான். ஆனால் நம்பி ஓட்ட முடியாது. சுவிட்சைக் கழற்றி, அந்தத் துளையில் கேஜ் மாட்டி மெக்கானிக் அழுத்தத்தை அளக்கட்டும். அழுத்தமே குறைவென்றால் பேரிங் தேய்ந்து, என்ஜினையே பிரிக்கும் செலவு வரும்.

அழுத்தம் சரியென்றால், என்ஜின் ஆறியபின் புது சுவிட்சை மாட்டலாம். ஒற்றை வயர் சுவிட்சுக்கு என்ஜின் உடம்பே எர்த். கசியுமென்று பயந்து மரையில் டேப்பைத் தடிமனாகச் சுற்றினால் எர்த் கிடைக்காமல் போகலாம். பிறகு ஆயிலே இல்லாவிட்டாலும் விளக்கு எரியாது. சாவி போட்டதும் எரிந்து, என்ஜின் ஓடியதும் அணைகிறதா என்று நாமே நின்று பார்த்துவிட்டுப் பணம் கொடுப்போம்.