குளிருக்கு ஒவ்வாத தட்டணுக்கள்

டெங்கு கண்ட உறவினருக்காக இரவோடிரவாக வேலூருக்கு மலையிறங்க நேர்ந்த நெல்லிவாசல்நாட்டு ஆசிரியர் ஒருவர், ரத்தத் தட்டணுப் பைகள் சிலவற்றை மலையிலேயே ஐஸ் பெட்டியில் சேமித்து வைக்கலாகாதா என்று கேட்டு எழுதியிருக்கிறார். நியாயமான கேள்விதான், ஆனால் தட்டணுக்களின் சுபாவம் அதற்கு இடங்கொடுப்பதில்லை.

தானமாகப் பெற்ற ரத்தத்தைப் பையோடு மையவிலக்கு யந்திரத்திலிட்டு முதலில் மிதமாகச் சுழற்றினால், சிவப்பணுக்கள் அடியில் இறங்க, தட்டணுக்கள் மஞ்சள் நிறப் பிளாஸ்மாவிலேயே மிதந்து நிற்கும். அந்தப் பிளாஸ்மாவை உடன் இணைந்துள்ள பைக்குத் தள்ளி, இரண்டாம் முறை வேகமாகச் சுழற்றும்போதுதான் அவை அடியில் திரளும். சாமை புடைக்கையில் கைவேகம் மிஞ்சினால் உமியோடு மணியும் பறந்துவிடும் என்பார் என் பாட்டியார். முதற் சுழற்சியில் வேகம் மிஞ்சினாலும் அப்படித்தான், தட்டணுக்களும் சிவப்பணுக்களோடு கீழே போய்விடும்.

பிரித்த பிறகு வருவதுதான் விசேஷம். சிவப்பணுக்களைக் குளிரில் 35 நாளுக்குக் குறையாமலும், பிளாஸ்மாவை உறையவைத்து ஓராண்டும் காக்கலாம். தட்டணுக்களுக்கோ 20 முதல் 24 டிகிரி வரை உஷ்ணம் வேண்டும்; குளிர் பட்டால் தட்டு வடிவம் குலைந்து உருண்டையாகி, மேற்பரப்பும் மாறிப்போவதால், உடலில் ஏற்றிய சிறிது நேரத்திலேயே கல்லீரல் அவற்றை அகற்றிவிடுகிறது. குளிர்பெட்டியே உகந்த இடமென்று மருத்துவர்கள் எண்ணியிருந்த காலத்தில், 1969ல் மர்ஃபி, கார்ட்னர் என்னும் அமெரிக்க மருத்துவர்கள் இதைத் தெளிவாக்கினார்கள். பையை இடையறாது அசைத்துக்கொண்டும் இருக்க வேண்டும். அசையாவிடில் பிராணவாயு சரிவரக் கிடைக்காமல் உள்ளே அமிலம் பெருகும். அந்த உஷ்ணத்தில் கிருமிகளும் வளரக்கூடுமாதலால், நம் நாட்டில் அதன் ஆயுள் ஐந்தே நாள்.

இத்தனை அரிய பொருளை, எண்ணிக்கை குறைந்துவிட்டதே என்ற அச்சத்தினால் மட்டும் ஏற்றச்சொல்லி மருத்துவரை நெருக்குவது வருந்தத்தக்கது. ரத்தக்கசிவு இல்லாத டெங்கு நோயாளிக்கு, எண்ணிக்கை பத்தாயிரத்துக்குக் கீழே போகாதவரை, பொதுவாக அது தேவைப்படுவதில்லை. 1986 முதல் எலும்பு மஜ்ஜை மாற்றுச் சிகிச்சை நடைபெற்றுவரும் வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரி போன்ற இடங்களிலோ, புது மஜ்ஜை வேலை தொடங்கும்வரை தட்டணுக்களைத் தாமே உண்டாக்கிக்கொள்ள இயலாத நோயாளிகள், பிறர் தரும் பைகளையே நம்பியிருக்கிறார்கள்.

ஆகவே ஆசிரியருக்கும் மலைவாசிகளான அன்பர்களுக்கும் என் வேண்டுகோள் இது: சேமிக்க முடியாத பொருளுக்கு ஆண்டு முழுவதும் கொடையாளர்கள் வேண்டும், ரத்ததான தினமென்று அக்டோபர் முதல் தேதி நடத்தும் முகாம் மட்டும் போதாது. காரியமாகக் கீழே இறங்கும் நாளில் ரத்த வங்கிக்கும் ஒருமுறை சென்று வாருங்கள். 18 வயது நிரம்பிய, 45 கிலோவுக்குக் குறையாத, ஆரோக்கியமான ஆண்கள் மூன்று மாதத்துக்கு ஒருமுறையும், பெண்கள் நான்கு மாதத்துக்கு ஒருமுறையும் ரத்தம் கொடுக்கலாம்.